முகவரி இல்லாத நிறைமாதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

டெல்லியின் மே மாத வெயிலில் நண்பகலுக்கு மேல் தெருநாய்கூட நிழலை விட்டு நகராது. 2009ஆம் ஆண்டு அப்படியொரு மே மாதத்தின் கடைசி நாள்களில், ஜங்புரா பகுதியில், ஒரு மரத்தடியில், போகிறவர் வருகிறவர் கண்முன்னே ஓர் இளம்பெண் பிள்ளை பெற்றார். வலிப்பு நோய் உள்ளவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வீடு கிடையாது, துணை என்று சொல்லிக்கொள்ளத் தாய் ஒருவர்தான். மாநகராட்சியின் மகப்பேறு இல்லம் அதே ஜங்புராவில்தான் இருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் சரி, பிறந்த பிறகும் சரி, அங்கே கிடைத்திருக்க வேண்டிய உதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த இளம்பெண்ணின் தாய் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினார். அதே காலத்தில் இன்னொரு பெண்ணின் வழக்கும் அங்கே நடந்துகொண்டிருந்தது. பீகாரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. வயிற்றிலேயே குழந்தை இறந்துபோன நிலையில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தவர் அந்தப் பெண். செல்லுபடியாகும் ரேஷன் அட்டை கையில் இல்லை என்பது பெரிய குறையாகிப்போனது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சிகிச்சை கிடைத்தது. அடுத்த கர்ப்பத்தில், 2010 ஜனவரியில், வீட்டிலேயே குறைமாதப் பிள்ளையைப் பெற்றுவிட்டு அவர் இறந்தார்.

இரண்டு வழக்குகளையும் சேர்த்து 2010 ஜூன் 4 அன்று தீர்ப்பளித்தவர் நீதிபதி எஸ். முரளிதர். சென்னையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர். மரத்தடியில் பிள்ளை பெற நேர்ந்ததற்காக அந்தப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். தொகையை விடத் தீர்ப்பின் வாதம்தான் கனமானது. ஏழைக்கான திட்டங்கள் எல்லாம் ஏழையிடமே போய், ‘நீ ஏழை என்று நிரூபி’ என்கின்றன. அந்தச் சுமையைக் கர்ப்பிணியின் தலையில் ஏற்றக் கூடாது என்றார் நீதிபதி. ஒரு மாநிலத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று பதிவானவர் வேறு மாநிலத்துக்குப் போனால் உரிமையும் கூடவே போக வேண்டும் என்றார். தாயின் உயிரைக் காக்கும் மருத்துவ உரிமையும், தாய்க்கும் குழந்தைக்கும் உணவுக்கான உரிமையும் பிரிக்க முடியாதவை என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

வீடில்லாத கர்ப்பிணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘அரசு ஒன்றும் செய்வதில்லை’ என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் அது உண்மை அல்ல. ஜங்புராவில் அந்தக் குழந்தை பிறந்த நாளில், மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா யோஜனா நான்கு வயதைத் தாண்டியிருந்தது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 500 ரூபாய் தரும் தேசிய மகப்பேறு உதவித் திட்டத்தை வயதோ பிள்ளைகளின் எண்ணிக்கையோ பார்த்து மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அங்கன்வாடி 1975 முதல் இருக்கிறது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அத்தனை திட்டங்களும் ஒரு வீட்டு வாசலிலிருந்து தொடங்குகின்றன என்பதுதான் சங்கடம். செவிலியர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறார். அட்டை வீட்டு முகவரிக்கு வழங்கப்படுகிறது. அங்கன்வாடி தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளைப் பார்க்கிறது. வீடு என்ற முதல் படியே இல்லாதவருக்கு மேலே உள்ள படிகள் எத்தனை இருந்தும் என்ன?

தமிழர்களுக்கு இது சட்டெனப் புரிய வேண்டும். நம் ஊரில் ‘மாசமா இருக்கா’ என்று தெரிந்த நாள் முதல் பேச்செல்லாம் வீட்டைப் பற்றியதுதான். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ வளைகாப்பு, அதன்பின் தாய்வீடு, பிறந்த பிறகு எத்தனையாவது நாள் புகுந்த வீடு என்று, ஒரு கர்ப்பத்துக்கு இரண்டு வீடுகளை ஒதுக்கி வைத்திருக்கிற சமூகம் இது. ‘புள்ளத்தாச்சி’ கேட்டால் இல்லையென்று சொல்லாதே என்பார்கள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி எழும்பூரின் நடைபாதையில் படுத்திருந்தால் மட்டும் நம் கண் எதிர்ப்புறம் திரும்பிக்கொள்கிறது.

தமிழ்நாட்டின் மகப்பேறு நிர்வாகம் நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லப்படுவதில் பொருள் இருக்கிறது. 2018-20ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். நாட்டின் சராசரி 97. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோதான் நடந்தன. இந்தப் பெருமையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. குடும்பநல ஆய்வு என்பது பெயரிலேயே சொல்வதுபோலக் குடும்பங்களை, அதாவது குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் ஆய்வு. தட்டக் கதவில்லாதவர் அதன் மாதிரிக்குள் வரவே மாட்டார். அந்த 99.6க்குள்ளும் அவர் இல்லை, மிச்சமுள்ள 0.4க்குள்ளும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை எண்ணுகிறது, ஒரே ஓர் இரவு. 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு கணக்கெடுப்பாளர்கள் நடைமேடைகளிலும் பாலத்தடிகளிலும் கோயில் வாசல்களிலும் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர், அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். அந்த ஒற்றை இரவில் எத்தனை பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு படுத்திருந்தார்கள் என்பது அந்தப் படிவத்தின் கேள்வி அல்ல.

இனி உடம்பின் கணக்குக்கு வருவோம். கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் அபாயம். அதற்காகத்தான் 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஆறு மாத மாத்திரையை நடைபாதையில் எங்கே வைப்பது? ஒரு மழை போதும், பொட்டலம் ஊறிவிடும். மாநகராட்சி வண்டி வந்து சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போனால் துணி மூட்டையோடு தாய்-சேய் நல அட்டையும் போய்விடும். அந்த அட்டையில்தான் தடுப்பூசி போட்ட தேதி முதல் ரத்த வகை வரை எல்லாம் இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் நாளில் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

கழிப்பறையைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. மாதம் ஏற ஏறக் கருப்பை அழுத்த அழுத்த, சிறுநீர் கழிக்க அடிக்கடி எழ வேண்டும். கட்டணக் கழிப்பறை ஒவ்வொரு தடவையும் காசு கேட்கும், இரவில் பூட்டியிருக்கும். ஆகவே நடைபாதைப் பெண்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதன் விளைவு சிறுநீர்த் தொற்று. கவனிக்காமல் விட்ட தொற்று குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடக்கூடும். எடை குறைந்த குழந்தை ஏன் பிறந்தது என்று மருத்துவ அறிக்கை ஆராயும்போது, அந்தக் காரணப் பட்டியலில் இரவு பத்து மணிக்குப் பூட்டப்பட்ட கழிப்பறைக்கும் ஓர் இடம் தர வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அவர்களுக்குத் தடையில்லாமல் போய்ச் சேரும் உதவிகள் சில உண்டு. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அப்படி ஒன்று. இட்லி ஒரு ரூபாய். ரேஷன் அட்டை எங்கே, ஆதார் எங்கே, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு கேள்வி கிடையாது. காசைக் கொடுத்தால் டோக்கன், டோக்கனுக்கு இட்லி. 108 ஆம்புலன்சும் அதே இனம்தான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். பாலத்தின் பெயரைச் சொன்னால் வண்டி வரும். சாப்பாட்டுக்கும் ஆம்புலன்சுக்கும் முடிகிற இந்தக் காரியம் மற்றவற்றுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்பதில் தவறில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்ந்த தொகை அது. ஏழைத் தாய்க்கு இதைவிடப் பெரிய கைகொடுப்பைச் சொல்வது கடினம். ஆனால் ரொக்கம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் கிடைக்கும் 12 இலக்க எண்ணைத்தான் சனங்கள் ‘பிக்மி நம்பர்’ என்கிறார்கள். 2018 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். தாயின் விவரம் பதிவாகாமல் போனால் பிள்ளையின் காகிதமும் தள்ளாடத் தொடங்குகிறது.

திட்டத்துக்குப் பெயர் தந்தவரின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு 1930இல் நகரத்து விடுதிகள் இடம் தர மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். குலம் கோத்திரம் விசாரிக்காமல் உள்ளே விட்ட பெண்மணியின் பெயரால் நடக்கும் திட்டம், வாசலில் நிறுத்தி வைத்துச் சான்று கேட்கிறது.

சரி, இதற்கு வழியே இல்லையா? விடை நம் வழக்கத்திலேயே ஒளிந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் மதுரையில் பதிவு செய்து திருநெல்வேலியில் பிள்ளை பெறுகிறாள். பதிவு எண் அவளோடு பயணம் செய்கிறது. இரண்டு ஊர்ச் செவிலியர்களும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். இரண்டு முகவரிகளுக்கு இடையே நடமாடும் கர்ப்பிணியைத் தொடர முடிகிற ஏற்பாடு, முகவரியே இல்லாதவரையும் தொடரலாம். வேண்டியதெல்லாம் முகவரிக் கட்டத்தில் ‘சென்ட்ரல் எதிர்ப்புற நடைபாதை’ என்றோ, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையோ எழுதிக்கொள்ளும் மனசு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன் 4ஆம் பிரிவு ‘ஒவ்வொரு’ கர்ப்பிணிக்கும், பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை ஒவ்வொரு தாய்க்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவு என்கிறது. அந்த ‘ஒவ்வொரு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வீடுள்ள’ என்று எவரும் எழுதவில்லை.

மீண்டும் டெல்லி. ஜங்புரா தீர்ப்பின் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. 2010 ஜூலையில் கன்னாட் பிளேசை ஒட்டிய ஷங்கர் மார்க்கெட் தெருவோரத்தில், பெண் குழந்தை பெற்ற நான்காம் நாள் ஒரு பெண் இறந்துகிடந்தார். நாட்டின் விலையுயர்ந்த கடைத்தெருக்களில் ஒன்று கன்னாட் பிளேஸ். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, யாரும் வழக்குப் போடாமலே, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு, ஆதரவற்ற கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் என்றே தனி விடுதிகள் அமைக்க டெல்லி அரசைப் பணித்தது.

‘தனி’ என்ற சொல் முக்கியம். இரவுக் காப்பகங்கள் பெரும்பாலும் தனியாக வந்து கூலி வேலை பார்க்கும் ஆண்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் வலியுறுத்தி வந்தது. 2013இல் வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை விதியாக்கியது. கட்டடம் வந்துவிடும். பிரசவமான பெண்ணுக்கு வெந்நீர், நடு இரவில் அழும் குழந்தை, துவைத்த துணி காய ஓர் இடம், பால் கொடுக்க ஒரு மறைப்பு, கணவன் அடித்துத் துரத்தியதால் வந்தவருக்குக் கணவன் வந்து நின்றால் உள்ளே விடாத காவலர்: இவை கட்டட வரைபடத்தில் இல்லை. ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015இல் தொடங்கின. 181 என்ற எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள். அடிபட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவம், சட்ட உதவி, தங்கும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் அங்கே தற்காலிகமாகத் தங்கப் பொதுவாக ஐந்து நாள்தான். கர்ப்பம் 280 நாள்.

வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வருவதில்தான் பாதிக்கதை இருக்கிறது. வீடில்லாத கர்ப்பிணிகள் எல்லோரும் பிறந்தது முதல் தெருவில் வாழ்ந்தவர்கள் அல்லர். கணவன் துரத்தியவர், காதலித்தவன் கைவிட்டவர், பெற்றோர் கதவைச் சாத்தியவர் எனப் பலர் சில வாரங்களுக்கு முன்வரை ஒரு கூரையின் கீழ் இருந்தவர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 17ஆம் பிரிவில், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும் தருகிறது. விடுதி தேடி அலைய வைப்பதற்கு முன் இந்தப் பிரிவை யாராவது அவர் காதில் போட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு மனு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர். தெருவுக்கு வந்த பிறகு தேடும் உதவியைவிட, தெருவுக்கு வராமல் காக்கும் உதவி மலிவானது.

உதவி செய்கிறவர்களின் அவசரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜங்புராவில் மரத்தடிப் பிரசவம் நடந்த அதே 2009 மே மாதத்தில், சண்டிகரின் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள ஓர் ஆதரவற்ற பெண் கருவுற்றிருப்பது தெரியவந்தது. பாதுகாக்க வேண்டிய இடத்திலேயே அவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார். கருவைக் கலைக்க நிர்வாகம் அனுமதி கேட்டது. உயர் நீதிமன்றம் தந்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஜூலையில் அந்த உத்தரவை நிறுத்தியது. அவருடைய சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று ஆகஸ்டில் காரணம் எழுதியது. கலைக்க விரும்பும் பெண்ணுக்கும் இதே நியாயம்தான். சட்டம் கணவன் கையெழுத்தைக் கேட்பதில்லை. பல இடங்களில் வழக்கம்தான் கேட்கிறது. வீடற்றவரிடம் எல்லோரும் பேசுகிறார்கள். ‘உனக்கு என்னம்மா வேணும்?’ என்று கேட்பவர் குறைவு.

குழந்தையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம் இதன் மறுபக்கம். மருத்துவமனை வாசலிலேயே இடைத்தரகர்கள் சுற்றுகிறார்கள். வளர்க்கவே முடியாது என்று முடிவெடுக்கும் தாய்க்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015 நேர்வழி வைத்திருக்கிறது: குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம், மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. வறுமை மட்டுமே காரணமென்றால், அந்த இரண்டு மாதத்தை ஒரு விடுதியில் கழிக்க விட்டாலே பல தாய்மார் பிள்ளையைத் திரும்பக் கேட்பார்கள் என்று நம்பலாம்.

இங்கிலாந்து இதை வேறு விதமாக அணுகியது. 1977இல் வந்த வீடற்றோர் சட்டம், கருவுற்ற பெண் என்றாலே முன்னுரிமைத் தேவை உள்ளவர் என்று வரையறுத்தது. இப்போதைய 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் 189ஆம் பிரிவிலும் அது முதலிடத்தில் நிற்கிறது. எத்தனை வாரம் என்ற கேள்வி இல்லை. கர்ப்பமே சாவி. தகுதியுள்ள பெண் வந்து நின்றால் அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம் தற்காலிகத் தங்குமிடம் தந்தாக வேண்டும். குடும்பங்களையும் கர்ப்பிணிகளையும் கழிப்பறை, சமையலறையைப் பகிரும் விடுதி அறைகளில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. குடியேற்ற நிலை காரணமாக ‘பொது நிதி கிடையாது’ என்ற முத்திரை விழுந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. லண்டனில் வீட்டுத் தட்டுப்பாட்டால் பெண்களைத் தொலைதூர ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை பார்த்துவந்த மருத்துவச்சியின் தொடர்பு அறுந்துபோகிறது. ஆனாலும் தர்க்கத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். இங்கே வீடு இருந்தால் கர்ப்பத்துக்கு உதவி. அங்கே கர்ப்பம் இருப்பதால் வீட்டுக்கு உதவி.

கடைசியாகப் பிரசவ வார்டு. வலி எடுத்து வருகிறவரை எந்த அரசு மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. சென்னையில் எழும்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம் மகப்பேறு மருத்துவமனைகளுக்கு நடைபாதையில் வலி கண்ட பெண்கள் புதியவர்கள் அல்லர். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, ‘கூட யாரும்மா வந்திருக்கா?’ பிரசவ வேளையில் உறவுப் பெண் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. ரத்தம் வாங்க ஓடவும், பிள்ளையைத் துணியில் சுற்றவும், கஞ்சி வாங்கி வரவும் அந்த உறவுதான். தனியே வந்தவருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் அம்மாதான் அன்றைக்கு அம்மா. இந்தக் கைமாற்று உறவை நம்பித்தான் பாதி வார்டு ஓடுகிறது; அதைச் சம்பளம் கொடுத்து ஒரு பணியிடமாக்கினால் குறைந்தா போய்விடும்?

2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தில் சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் அறுவைக்கு ஏழு நாளும் இலவச உணவு உண்டு. மருந்து இலவசம், ரத்தம் இலவசம், திரும்பிப் போக வண்டியும் இலவசம். தமிழ்நாட்டில் அது 102 தாய்-சேய் ஊர்தி. மூன்றாம் நாள் காலை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தாய் ஏறி உட்காருகிறார். ஓட்டுநர் கையில் உள்ள படிவத்தில் இறக்கிவிட வேண்டிய இடத்துக்கு ஒரு வரி இருக்கிறது. மாநகராட்சிப் பெண்கள் காப்பகம் ஒன்றின் பெயரை மருத்துவமனையே அந்த வரியில் முந்தின நாள் எழுதி, காப்பகத்துக்கு ஒரு போன் போட்டு, கட்டில் ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். சுகாதாரத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.